மேசைமேல் ஒரு பொம்பர்

பிள்ளைகள் கைவேலையில் ஈடுபடுவது எந்தத் தாய்க்கும் மகிழ்ச்சி தருகின்ற விடயம். தொலைபேசியை வைத்துவிட்டு அட்டையும் பசையும் வர்ணமுமாக மகன் மேசையில் குனிந்திருக்கும்போது, தேநீரைக்கூட அவனருகில் கொண்டுபோய் வைக்கின்றோம். ஆனால் அந்த அட்டைத் துண்டுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு குண்டுவீச்சு விமானமாக எழுந்து நிற்கும்போது, யாழ்ப்பாணத்துத் தாய்மார் பலருக்கு அந்த மகிழ்ச்சி அப்படியே நின்றுவிடுகின்றது. “உனக்குச் செய்யிறதுக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டு, சில வேளைகளில் அதைப் பறித்து அடுப்பிலும் போட்டுவிடுகின்றோம்.

வடமராட்சியில் ஒரு தாய் என்னிடம் இதையே சொல்லிக் கவலைப்பட்டார். அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது. “அவன் ஒரு பிழையும் செய்யேல்லைத் தங்கச்சி. அதைக் கண்டவுடனை எனக்குக் கை நடுங்கீற்றுது. முறிச்சுப்போட்டன். பிறகு ஏனெண்டு அவனுக்குச் சொல்லவும் தெரியேல்லை” என்றார்.

இந்தத் தாயின் கடைசி வார்த்தைகளுக்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. அதன் பின்னர் பிறந்த பிள்ளைக்கு அந்த விமானம் அழகான ஓர் இயந்திரம். தாய்க்கோ அது பதுங்குகுழியின் ஈரமண் மணம், இழந்த உறவு, ஓடிய பாதை. ஒரே மேசையில் இருக்கும் ஒரே பொருள் இருவருக்கும் வெவ்வேறாகத் தெரிகின்றது. முறித்து எறிந்தால் பிள்ளைக்குக் காரணம் தெரியாத பயம் ஒன்று மட்டும் மிஞ்சும். அருகில் அமர்ந்து சேர்ந்து செய்தால், வருடக்கணக்காகச் சொல்ல முடியாமற் போனதைச் சொல்லுவதற்கு ஒரு வழி திறக்கக்கூடும்.

காதால் அறிந்த விமானங்கள்

இரண்டாம் உலகப்போரில், 1942ஆம் ஆண்டு, அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டது. மரத்தால் செய்து கறுப்பு நிறம் பூசிய அந்த மாதிரிகள் உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு கொண்டவை. வானத்தில் வருவது நண்பனா எதிரியா என்று படைவீரர் இனங்காணப் பழகுவதற்காக அவை வேண்டப்பட்டன. எழுபத்திரண்டில் ஒரு பங்கான மாதிரியைப் பத்து மீற்றர் தூரத்தில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானம் 720 மீற்றர் தூரத்தில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும்.

எங்களுக்கு மாதிரி தேவைப்படவில்லை. காதே போதுமாயிருந்தது. தாழப் பறந்து குத்திவிட்டு எழும்பும் சிறிய விமானத்தைச் ‘சியாமாச்செட்டி’ என்றும், வெறுமனே ‘பொம்பர்’ என்றும் சொன்னோம். கனத்த இரைச்சலோடு மெல்ல மெல்ல வந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்ட போக்குவரத்து விமானம் ‘சகடை’ ஆயிற்று. 1990களில் ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்தது ‘புக்காரா’. 1996இல் இஸ்ரேலிலிருந்து வந்தது ‘கிபிர்’. சத்தம் கேட்ட மாத்திரத்தில் எது வருகின்றது, ஓட நேரமிருக்கின்றதா என்று ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லக்கூடியதாக இருந்தது.

அந்தச் சத்தங்களுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சுற்றாடலிலும் தஞ்சமடைந்திருந்த மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலை வளவில் குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டனர். இவற்றை அறிந்த தாய் ஒருத்தி, மகன் செய்த அட்டை விமானத்தைக் கண்டு நடுங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அளவு சொல்லும் செய்தி

மாதிரி விமானம் செய்வதில் முதல் வேலை அளப்பது. பயத்தை அளக்க முடியாது என்றுதான் நினைத்திருப்போம். ஆனால் எங்களைப் பயமுறுத்திய பொருளை அளக்கலாம்.

சியாமாச்செட்டி விமானத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் வடிவமைக்கப்பட்டு 1964இல் முதன்முதலாகப் பறந்தது. விமானம் ஓட்டப் பழகுவோருக்கான பயிற்சி விமானமாகவும் அது பயன்பட்டது. பின்னர் இறக்கைகளின் அடியில் குண்டுகளும் ரொக்கற்றுகளும் பூட்டக்கூடியதாக மாற்றப்பட்டது. இலங்கை விமானப்படைக்கு அது 1985இல் வந்து சேர்ந்தது. மூக்கிலிருந்து வால் வரை அதன் நீளம் 7.1 மீற்றர். இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 8.35 மீற்றர். உயரம் 2.41 மீற்றர்.

இந்த எண்களை முதன்முதலாக வாசிக்கும் எவரும் சற்று நின்றுவிடுவார்கள். எங்கள் வானம் முழுவதையும் நிரப்பிய அந்தப் பொருள், வீதியில் ஓடும் ஒரு மினிபஸ்ஸின் நீளந்தான். உயரத்தில் ஒரு வீட்டுக் கதவைவிடச் சற்றே கூட. இதனால் அது செய்த அழிவு சிறிதாகிவிடாது. ஆனால் கனவில் இன்னும் பெரிதாகிப் பெரிதாகி வரும் ஒன்றுக்கு ஓர் அளவு இருக்கின்றது, அதற்கொரு தொடக்கமும் முடிவும் உண்டு என்பதை மனம் அறிந்துகொள்வது நல்லது.

செய்வது எப்படி?

வீட்டில் செய்வதற்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு என்ற அளவுத்திட்டம் வசதியானது. உண்மையில் ஒரு மீற்றர் என்பது மாதிரியில் நான்கு சென்ரிமீற்றர். எனவே நீளம் 28.4 சென்ரிமீற்றர், இறக்கை அகலம் 33.4 சென்ரிமீற்றர், உயரம் 9.6 சென்ரிமீற்றர். தையல் படித்த சகோதரிகளுக்கு இது புதிதல்ல. கொப்பியில் சட்டையின் வரைபைச் சிறிதாக்கிக் கீறிப் பழகிய அதே கணக்குத்தான். பிள்ளை தடுமாறும் இடத்தில் நீங்களே ஆசிரியராகலாம்.

உடலுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டிகளோடு வரும் றெஜிபோம் துண்டு போதும். பக்கத்தோற்றத்தை முதலில் கடதாசியில் கீறி வெட்டி, அதை றெஜிபோமில் வைத்து அடையாளமிட்டு வெட்டவும். மூக்கிலிருந்து விமானி இருக்கும் இடம் வரை பருத்து, வால் நோக்கி ஒடுங்கிச் செல்லும். விளிம்புகளை அரத்தாளால் உருட்டி எடுக்கவும். பிலேட்டை வளர்ந்தவர் ஒருவர் பிடிப்பது நல்லது.

இறக்கையைப் பிறிஸ்டல் போட்டில் இரட்டையாக மடித்துச் செய்யவேண்டும். மடிப்பு முன்பக்கம் வரும். அது சற்று உருண்டு தடித்திருக்க, ஒட்டிய பின்விளிம்பு மெல்லியதாக முடியும். உண்மை விமானத்தின் இறக்கையும் இந்த வடிவந்தான். உள்ளே நீளத்திற்கு ஓர் ஈர்க்கை வைத்து ஒட்டினால் தொய்யாது. இறக்கை உடலின் அடிப்பக்கத்தில் பொருந்தும். நுனிகள் இரண்டும் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்ந்திருக்கும். இந்த விமானத்தின் இறக்கை நுனிகளில் எரிபொருள் தாங்கிகள் உருண்டையாக நீண்டிருக்கும். பழைய பேனை மூடிகள் அதற்கு அளவாக அமையும். மேலே சொன்ன 33.4 சென்ரிமீற்றர் இந்தத் தாங்கிகளையும் சேர்த்த அளவு.

விமானி இருக்கும் கண்ணாடிக் கூட்டைச் சோடாப் போத்தலின் வளைவான பகுதியிலிருந்து வெட்டலாம். காற்றாடிக்கு ஐஸ்கிறீம் குச்சி. மூக்கின் கீழ் ஒரு சில்லும் இறக்கைகளின் கீழ் இரண்டு சில்லுகளும் பொத்தானில் செய்யலாம். வால் பாரத்தில் விமானம் சாய்ந்தால், மூக்கினுள் சிறிது களிமண்ணை வைத்து அடைக்கவும்.

பிள்ளை இறக்கையின் கீழ்க் குண்டுகளையும் வைக்க விரும்புவான். வைக்கட்டும். அது என்ன வேலை செய்த விமானம் என்பதை மறைத்துவிட்டால், எதைப்பற்றிப் பேசப்போகின்றோம்? ஆனால் குச்சியிலும் கடதாசியிலும் மட்டுமே செய்யட்டும். வளவுகளிலும் பற்றைகளிலும் கிடக்கும் பழைய உலோகத் துண்டுகளை இதற்கென்று தேடி எடுக்கவே கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் எமது மண்ணில் வெடிபொருட்கள் எடுக்கப்பட்டு வந்துள்ளன.

வர்ணம் பூசும்போது

றெஜிபோமில் எனாமல் பெயின்ற்றோ தின்னர் கலந்த பெயின்ற்றோ பட்டால் அது கரைந்து குழிவிழும். ஆகவே முதலில் கோதுமை மாப் பசையால் பத்திரிகைத் துண்டுகளை இரண்டு மூன்று படையாக ஒட்டி நன்றாகக் காயவிடவும். அதன் மேல் மெதுவாக அரத்தாள் பிடித்து, வெள்ளை நிறத்தை ஒரு முறை பூசவும். பிறகு நீரில் கரையும் வர்ணங்களைப் பாவிக்கலாம். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல் மெல்லியதாக இரண்டு தடவை பூசுவதே அழகு தரும். ஒரு படை காயும் வரை அடுத்ததைத் தொடக்கூடாது. பொறுமை பழகுவதற்கு இதைவிட நல்ல பாடமில்லை.

போர் விமானங்களின் மேற்பக்கத்தில் பச்சையும் மண்ணிறமும் கலந்து பூசும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அது நிலத்தோடு நிலமாகத் தெரியவேண்டும். அடிப்பக்கத்துக்கு வெளிர்நீலம் அல்லது சாம்பல். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தோடு வானமாகத் தெரியவேண்டும்.

இந்த இடத்தில் தாய்மார் ஒன்றைக் கவனிப்பார்கள். நாங்கள் கண்டதெல்லாம் அடிப்பக்கம் மட்டுமே. அதுவும் ஓடிக்கொண்டே, தலையைக் குனிந்துகொண்டே. அதன் மேற்பக்கத்தை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கின்றோம். கண்ணாடிக் கூட்டினுள் பக்கம் பக்கமாக இரண்டு இருக்கைகள். அங்கே மனிதர் இருந்தார்கள். வானத்திலிருந்து வந்தது விதியோ பேயோ அல்ல. மனிதர் எடுத்த முடிவு, மனிதர் இட்ட கட்டளை, மனிதர் அழுத்திய பொத்தான். ‘எங்கடை தலையெழுத்து’ என்று தன்னையே நொந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த வேறுபாடு பெரியது.

இருபது மீற்றர் நடந்து பாருங்கள்

விமானம் முடிந்ததும் அதே அளவுத்திட்டத்தில் ஒரு மனிதரையும் செய்யச் சொல்லுங்கள். 1.7 மீற்றர் உயரமான ஒருவர் 6.8 சென்ரிமீற்றர் வருவார். எங்கள் விரல் நீளம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் ஒன்றையும் செய்யலாம். இரண்டு மீற்றர் நீளமான பங்கர் எட்டுச் சென்ரிமீற்றர் வரும். ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான். அதற்குள் எத்தனை பேர் இருந்தோம் என்று பிள்ளை கேட்பான். சொல்லுங்கள்.

பிறகு அந்த மனித உருவை முற்றத்தில் நிறுத்திவிட்டு, பிள்ளையோடு இருபது மீற்றர் தூரம் நடந்து சென்று திரும்பிப் பாருங்கள். இந்த அளவுத்திட்டத்தில் இருபது மீற்றர் என்பது 500 மீற்றர் உயரத்துக்குச் சமம். அங்கிருந்து அந்த உருவம் ஆணா பெண்ணா, கையில் பிள்ளை இருக்கின்றதா இல்லையா என்று தெரிகின்றதா? கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதிலைப் பிள்ளையே கண்டுபிடிப்பான். விமானத்தை வியந்து பார்த்த கண், அதன் கீழே நின்றவர்களையும் பார்க்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். எவர் மீதும் வெறுப்பை ஊட்டாமல் போரின் பொருளை ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்த இதைவிட இலகுவான வழியை நான் அறியேன்.

எவ்வளவு சொல்லலாம்?

இலண்டன் நகரம் குண்டுவீச்சுக்குள்ளான காலத்தில் அன்னா புரொய்ட் என்ற உளவியலாளர் தன் தோழி டொரதி பேர்ளிங்கமுடன் சேர்ந்து சிறுவர் இல்லங்களை நடத்தினார். அங்கிருந்த பிள்ளைகளும் குண்டு போடுவதை விளையாட்டாக விளையாடினார்கள். அவர்கள் இருவரும் 1940களில் எழுதி வைத்தவற்றில் முக்கியமானது, தாயின் பதற்றம் பிள்ளையைத் தொற்றிக்கொள்ளும் என்பது. தாய் நிதானமாக இருந்த இடத்தில் பிள்ளையும் தாங்கிக்கொண்டது. எமது யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் போரின் நடுவிலேயே மக்களின் உளநெருக்கீட்டை ஆராய்ந்து ‘மனவடு’ என்ற சொல்லை எம்மிடையே பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடலில் இருக்கும் வடுவைப் போல மனதிலும் வடு இருக்கும், அதைக் கவனிக்க வேண்டும் என்பது அச்சொல்லின் பொருள்.

நடைமுறையில் சில விடயங்களை மனதில் வைத்திருங்கள்.

பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “அம்மா, நீங்கள் இதை நேரிலை கண்டனீங்களோ?” என்றால், “ஓம் ராசா, உன்ரை வயசிலை கண்டனான். அம்மம்மா என்னை இழுத்துக்கொண்டு பங்கருக்கை ஓடினவ” என்பது போதுமானது. கண்ட காயங்களையும் பிணங்களையும் விபரிக்கத் தேவையில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். “அது ஒண்டுமில்லை” என்று சொன்னால், நடுங்கும் உங்கள் கை வேறொன்றைச் சொல்லும். பிள்ளை கையைத்தான் நம்பும்.

கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டாம். “அம்மாவுக்குப் பழைய நினைவு வந்திட்டுது, இப்ப சரியாயிடும்” என்று சொல்லி, முகத்தைக் கழுவிவிட்டு வந்து அமருங்கள். துக்கம் வரும், பின்பு போகும் என்பதைப் பிள்ளை உங்களிடமிருந்து பழகட்டும்.

முடியாதென்றால் அதையும் சொல்லலாம். எல்லாத் தாய்மாராலும் இந்த மேசையில் அமர முடியாது. அமர்ந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. “எனக்கு இதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு. நீ பிழை செய்யேல்லை. மாமாவோடை இருந்து செய்” என்றால் அதுவே பெரிய விளக்கம்.

விமானத்தைக் கட்டிலுக்கு மேலே நூலில் தொங்கவிட வேண்டாம். சில்லுகளோடு மேசைமேல் தரையிறங்கிய நிலையில் நிற்கட்டும். தலைக்கு மேலே தொங்குவதும் கண்ணுக்குக் கீழே நிற்பதும் ஒன்றல்ல.

எப்போது உதவி நாடவேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒரு கைவேலை மட்டுமே. ஆனால் அமெரிக்காவில் 1976இல் பாடசாலை பஸ்ஸோடு கடத்தப்பட்டு மீண்ட பிள்ளைகளை ஆராய்ந்த லெனோர் ரெர் என்ற உளமருத்துவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். மனவடு உள்ள பிள்ளையின் விளையாட்டு மகிழ்ச்சியில்லாமல் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப நடக்கும். எனவே, பிள்ளை சிரிப்பில்லாமல் அதே குண்டுவீச்சையே நாள்தோறும் விளையாடினால், நித்திரையில் அலறினால், படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், பாடசாலைக்குப் போகப் பயந்தால் கவனியுங்கள். போரைக் காணாத பிள்ளையிடம் இவை தோன்றினால், வேறு ஏதும் துன்பம் நேர்ந்திருக்கலாம்.

தாய்மாருக்கும் இது பொருந்தும். விமானச் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு படபடத்து நெடுநேரம் அடங்காவிட்டால், நித்திரை கெட்டால், எவரோடும் பேசப் பிடிக்காவிட்டால் அது பலவீனமல்ல. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

அடுத்து எந்த விமானம்?

ஒரு விமானம் செய்து முடித்த பிள்ளை அடுத்ததைக் கேட்பான். எமது வானத்தில் வந்தவை எல்லாம் குண்டு போட்டவை அல்ல என்பதையும் அப்போது சொல்லலாம். 1987 யூன் 4ஆம் திகதி இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் குடாநாட்டின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ‘இந்தியா பருப்புப் போட்டது’ என்று எங்கள் அம்மம்மாமார் சொல்லும் கதை அதுதான். பலாலி விமானத்தளம் 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. மருத்துவத்துக்கும் கோவிலுக்கும் உறவினர் கல்யாணத்துக்கும் போகிறவர்கள் அதே ஓடுபாதையிலிருந்து ஏறுகின்றார்கள்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். விமானம், கப்பல், பறவை என்று இளைஞர்கள் செய்து ஏற்றும் பட்டங்களைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். ஒருகாலம் இரைச்சல் கேட்டு நிலத்துக்குள் ஒளித்த மக்கள், விண் கூவும் சத்தத்தைக் கேட்பதற்காக வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள்.

சகோதரிகளே, பிள்ளை மேசையில் வைத்திருப்பதை உடனே பறிக்காதீர்கள். முதலில் ஓர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அருகில் அமருங்கள். “இதின்ரை உண்மையான நீளம் எவ்வளவு தெரியுமோ?” என்று கேளுங்கள். மற்றதை மெல்ல மெல்லப் பேசலாம். இன்று முடியாவிட்டால், பசை காய்ந்த பிறகு நாளைக்குப் பேசலாம்.